தறிக்குழியும் தூளியும்

1

எதைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் ஒரு காப்பியத்திலிருந்து தொடங்குவது தமிழ் எம்.ஏ. படித்தவனின் கெட்ட பழக்கம். இந்த முறையும் அதைத் தவிர்க்க முடியவில்லை. ஊர் காஞ்சிபுரம்; பேச வந்தது பிள்ளை வளர்ப்பும் பெண்களின் வேலையும்; மணிமேகலையில் இரண்டுமே இருக்கின்றன. மழை பொய்த்து வாடிக் கிடக்கிற கச்சி நகரத்துக்குள் மணிமேகலை அமுதசுரபியோடு வருகிறாள். எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம். ஊர் பசியாறுகிறது. அந்தப் பாத்திரத்துக்கு ஒரு முன்கதை உண்டு. சாலி என்பவள் பெற்று, ஒரு தோட்டத்தில் விட்டுப்போன பிள்ளை ஆபுத்திரன். ஒரு பசு ஏழு நாள் பால் கொடுத்து அவனைக் காப்பாற்றுகிறது. பிறகு அந்தப் பக்கமாக வந்த ஒருவன் தூக்கிப்போய் வளர்க்கிறான். வளர்ந்த ஆபுத்திரன் கையில்தான் அமுதசுரபி முதலில் வந்து சேருகிறது. ஊட்டுவதைக் காப்பியம் பெரிய அறமாக விரித்துப் பாடுகிறது. வளர்ப்பதைச் சில அடிகளில் கடந்துவிடுகிறது. பசுவும் வழிப்போக்கனும் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டு அரசுகளின் குழந்தை நலக் கொள்கையை வாசிக்கிறபோதெல்லாம் எனக்கு இந்த ஏற்றத்தாழ்வு நினைவுக்கு வருகிறது. 1920-ல் நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் காலத்தில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு கொடுத்தது. 1956-ல் காமராசரின் மதிய உணவு. 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. 2022 செப்டம்பரில் ஸ்டாலினின் காலை உணவு. நூறு வருஷத்துக்கு மேலாகப் பாத்திரம் வற்றவே இல்லை. இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. இந்தியாவில் வேறு எந்த மாநிலமும் பிள்ளைகளின் பசியை இவ்வளவு பிடிவாதமாக அரசியலாக்கியது கிடையாது. அதைக் கேவலமாகப் பேசிய அறிவாளிகள் (இடதுசாரிகள் உள்பட) பிறகு வாயடைத்துப் போனதையும் பார்த்திருக்கிறோம்.

ஆனால் இந்தத் திட்டங்கள் எல்லாவற்றின் ஊடாகவும் ஓடுகிற கேள்வி ஒன்றுதான்: பிள்ளை சாப்பிட்டதா? பிள்ளை பள்ளிக்கு வந்ததா? பிள்ளையின் அம்மா அந்த நேரத்தில் எங்கே இருக்கிறாள், என்ன வேலை செய்கிறாள், அந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் வேண்டும் என்பது கொள்கையின் கேள்வியாக இருந்ததே இல்லை. அம்மா என்பவள் வயிற்றுக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் நிற்கிற ஆள். பிள்ளையைக் கூட்டிவந்து விடுகிறவள், திரும்பக் கூட்டிப்போகிறவள்.

1982-ன் திட்டம் பெண்களுக்கு வேலை கொடுத்ததே என்று கேட்கலாம். கொடுத்தது. மையத்துக்கு ஒரு அமைப்பாளர், ஒரு சமையலர், ஒரு உதவியாளர் என்று தமிழ்நாடு முழுக்கப் பெண்கள் வேலைக்கு வந்தார்கள். விதவைகளுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் அதில் முன்னுரிமை இருந்தது. அந்த வேலைக்குச் சம்பளம் என்ற பெயர் தரப்படவில்லை. சொற்பமான தொகுப்பூதியம். வீட்டில் சும்மா செய்வதை இங்கே செய்கிறாள், இதற்கு எதற்குச் சம்பளம் என்கிற பொதுப்புத்தி அரசாங்கக் கோப்புக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது.

2

காஞ்சிபுரத்துத் தறி வீட்டை உள்ளே போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முன்கூடம் முழுக்கத் தறி. தரையில் குழி, குழிக்குள் கால், மிதிபலகை. தலைக்கு மேல் ஜக்கார்டுப் பெட்டி. மிச்சமிருக்கிற இடத்தில் அடுப்பு, படுக்கை, சாமி படம், உத்திரத்திலிருந்து தொங்குகிற தூளி. பிள்ளையார்பாளையம் பக்கத்துத் தெருக்களில் ஒரு காலத்தில் எந்த வீட்டு வாசலைக் கடந்தாலும் தறிச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்திலேயே தூங்கிப் பழகிய பிள்ளைகள் சத்தம் நின்றால் விழித்துக்கொள்ளும் என்பார்கள்.

இந்தக் காட்சியைப் படம் எடுத்துப் போடுகிறவர்களுக்கு இதில் ஒரு கவிதை தெரிகிறது. அம்மா தறியில், பிள்ளை தூளியில். வீட்டோடு வேலை, வேலையோடு பிள்ளை. 'வெளியே போய் அலைய வேண்டாம், பிள்ளையையும் பார்த்துக்கலாம்' என்று ஊரில் சொல்வதும் இதைத்தான். கைத்தறிக்கு ஆதரவாக மேடையில் பேசுகிறவர்களும் சொல்வார்கள். கொஞ்சம் நின்று இந்த வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பட்டுச்சேலை ஒருவர் நெய்வதில்லை. மூல நூலை முறுக்கேற்ற வேண்டும். பசை போக்கிச் சாயம் ஏற்ற வேண்டும். ராட்டையில் சுற்றி எடுக்க வேண்டும். பாவு ஓட வேண்டும். தெருவில் நீட்டிக் கட்ட வேண்டும். பழைய பாவின் முனையோடு புதிய பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கி இணைக்க வேண்டும். ஊடைக்குத் தார் சுற்ற வேண்டும். அதற்கப்புறம்தான் நெசவு. அதிலும் கோர்வைக் கரை என்றால் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடா வேண்டும். தறிக்குழியில் உட்கார்ந்திருப்பவர் இரண்டைப் பார்த்துக்கொள்ள, மறுகரைக்கு ஒரு துணைக்கை வேண்டும். இத்தனை வேலைகளில் பெண்கள் எதில் இருக்கிறார்கள் என்று வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு விதி புலப்படும். எந்த வேலையைப் பாதியில் விட்டு எழுந்திருக்கலாமோ அது பெண்ணுக்கு. தார் சுற்றுவதை நிறுத்திவிட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம். ராட்டையை நிறுத்திவிட்டு உலை பார்க்கலாம். கோர்வை போட்டுக்கொண்டிருக்கிறபோது ஒருவர் எழுந்தால் இரண்டு பேர் வேலை நிற்கிறது. கூலி சேலைக் கணக்கில், நாள் கணக்கில் இல்லை. நின்ற நேரம் நெசவாளியின் கணக்கில்தான் கழியும்.

எழுந்திருக்கக்கூடிய வேலைகளுக்குத்தான் கூலி குறைவு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பெரும்பாலும் தனிக் கூலியே கிடையாது. தறிக் கூலிக்குள் அடக்கம். 'பெண்களுக்குக் கை நுணுக்கம், பொறுமை ஜாஸ்தி, அதனால் நூல் வேலை' என்று சொல்லப்படுவது ஒரு கட்டுக்கதை. கை நுணுக்கமும் பொறுமையும் கோர்வைக்கு வேண்டாமா? கல்யாணத்துக்கு முன்னால் அப்பா வீட்டுத் தறியில் கோர்வை நெய்த பெண், முதல் பிள்ளை பிறந்ததும் குழியிலிருந்து ராட்டைக்கு இறங்குகிறாள். கடைசிப் பிள்ளை பள்ளிக்குப் போன பிறகு மறுபடி குழிக்குள் இறங்கினால் உண்டு. பத்து வருஷம், பன்னிரண்டு வருஷம். அவள் வேலையை விட்டதாகவும் யாரும் சொல்ல மாட்டார்கள், வேலையில் இருப்பதாகவும் சொல்ல மாட்டார்கள்.

பிள்ளைக் காப்பகங்களால் தாய்மார்கள் வேலைக்கு வருவது கூடுகிறதா என்று பொருளாதாரத் துறையினர் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். கனடாவின் கியூபெக் மாகாணம் 1997-ல் நாளைக்கு 5 டாலர் கட்டணத்தில் காப்பகங்களைத் திறந்தபோது சிறு பிள்ளை உள்ள தாய்மார்கள் கணிசமாக வேலைக்குப் போனார்கள் என்பது அவர்கள் அடிக்கடி காட்டுகிற உதாரணம். நல்ல உதாரணம்தான். ஆனால் அந்தக் கேள்வியில் ஒரு வாசல் இருக்கிறது: உள்ளே வீடு, வெளியே வேலை, தாய் வாசலைத் தாண்டினாளா இல்லையா. காஞ்சிபுரத்தில் அந்த வாசல் கிடையாது. இங்கே தாய் எப்போதுமே வேலைக்குள்தான் இருக்கிறாள். கேட்க வேண்டியது வேறு: எந்த வேலையில், எந்தக் கூலியில், யார் பெயரில், யாருடைய செலவில்?

யார் பெயரில் என்பதற்குப் பதில் சுலபம். மரியா மீஸ் 1982-ல் ஆந்திராவின் நர்சாபூர் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி எழுதிய புத்தகத்தை வாசித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். உலகச் சந்தைக்குப் பொருள் செய்கிற பெண்கள் 'வீட்டில் சும்மா இருக்கிறவர்கள், பொழுதுபோக்காகப் பின்னுகிறார்கள்' என்று கட்டமைக்கப்படுவதை அவர் காட்டினார். இல்லத்தரசி என்பவள் இயற்கையாக இருப்பவள் அல்ல, ஆக்கப்படுகிறவள். அரசின் எண்களும் இதே வேலையைத்தான் செய்தன. 1961 மக்கள்தொகைக் கணக்கில் இருந்த பெண் தொழிலாளர் எண்ணிக்கை 1971-ல் ஏறத்தாழ பாதியாகிவிட்டது. பெண்கள் பத்து வருஷத்தில் வேலையை விட்டுவிடவில்லை. 'முதன்மையாக என்ன செய்கிறாய்' என்று கேள்வி மாறியது. முதன்மையாகச் சமைக்கிறேன், பிள்ளை பார்க்கிறேன் என்று வீட்டிலிருந்து பதில் வந்தது; பதில் சொன்னது அநேகமாக வீட்டு ஆண். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்போ இந்திய நெசவாளர்களில் 72 சதவீதம் பெண்கள் என்கிறது. அதில் வடகிழக்கு மாநிலங்களின் பங்கு பெரியது என்றாலும், ஒரு கேள்வித்தாளில் மறைகிற பெண் இன்னொரு கேள்வித்தாளில் வெளியே வருகிறாள் என்பது போதும்.

நம் ஊர் அரசியல் மொழியும் விதிவிலக்கல்ல. காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா 1953-ல் கைத்தறித் துணியைத் தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்றார். 'நெசவாளர் துயர்' என்பது திராவிட இயக்கத்தின் மிக வலுவான படிமங்களில் ஒன்றானது. அந்தப் படிமத்தில் நெசவாளர் ஆண். பக்கத்தில் பசித்த மனைவி மக்கள். மனைவியும் நெய்கிறாள் என்பதற்கு அந்தச் சொல்லாடலில் இடம் போதவில்லை. (ஒரு உபரித் தகவல்: அண்ணாவை வளர்த்தவர் 'தொத்தா' என்று அவர் அழைத்த இராசாமணி அம்மாள். பெற்றவள் அல்லாத ஒரு பெண்ணின் உழைப்பில் வளர்ந்த பிள்ளைதான் காஞ்சிபுரத்தின் மிகப் பிரபலமான பிள்ளை.)

3

பிள்ளைக் காப்பகம் எங்கே வந்தது, எங்கே வரவில்லை என்று பார்த்தால் அதன் அரசியல் தெரியும்.

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் பிள்ளை மடுவம் என்று ஒன்று இருக்கிறது. விடிகாலையில் கொழுந்து பறிக்க மலையேறுகிற பெண் கைக்குழந்தையை ஆயாவிடம் விட்டுவிட்டுப் போவாள். வால்பாறையிலும் நீலகிரியிலும் இதே ஏற்பாடு. இந்தியாவில் 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்கள் வேலை செய்கிற தோட்டத்தில் காப்பகம் கட்டாயம் என்றது. தோட்ட முதலாளிகள் பெண்விடுதலைவாதிகள் இல்லை. கொழுந்து பறிக்கப் பெண் கை வேண்டும். அந்தக் கை மலைமேல் இருக்க வேண்டும். முதுகில் கூடை இருக்கும்போது இடுப்பில் பிள்ளை இருக்க முடியாது. மூலதனத்துக்குத் தாயைப் பிள்ளையிடமிருந்து பிரித்து எடுக்க வேண்டியிருந்த இடத்தில் காப்பகம் முளைத்தது. (1919-ல் லெனின் பொது உணவகத்தையும் மழலையர் காப்பகத்தையும் கம்யூனிசத்தின் முளைகள் என்று எழுதினார். மடுவம் எதன் முளை என்று அவரைக் கேட்டிருக்கலாம்.)

பீடியில் கதை தலைகீழ். 1966-ன் பீடித் தொழிலாளர் சட்டம் 50-க்கு மேல் பெண்கள் இருக்கிற பீடிக் கொட்டகைக்குக் காப்பகம், விடுப்பு, இன்னும் பல பொறுப்புகளை விதித்தது. முதலாளிகள் கொட்டகையை மூடிவிட்டு இலையையும் தூளையும் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப ஆரம்பித்தார்கள். பெண்ணை வீட்டிலேயே வைத்து வேலை வாங்க முடிகிறபோது காப்பகம் எதற்கு? வீடே காப்பகம், அம்மாவே ஆயா, கூலி பீடிக்கு மட்டும்.

காஞ்சிபுரத்துப் பட்டு, பீடிக்குப் பல காலம் முன்பே இந்த நிலையில்தான் இருந்தது. முதலாளிக்கு நூறு தறி இருக்கும். நூறும் நூறு வீட்டில். முன்பணம் கொடுத்துக் கட்டிப்போட்ட தறிகள். சட்டத்தின் கண்ணுக்கு அங்கே தொழிற்சாலையே கிடையாது. 1948-ன் தொழிற்சாலைச் சட்டம் 50-க்கு மேல் பெண்கள் இருந்தால் காப்பகம் என்றது. 1976-ல் அதை 30 ஆக்கினார்கள். 2017-ல் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் ஆண்களையும் சேர்த்து 50 பேர் என்றது. இந்தப் பழைய சட்டங்களின் இடத்தில் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத்தொகுப்புகளிலும் 50 என்ற எண் இருக்கிறது. சட்டம் ஒரே கூரையின் கீழ் தலை எண்ணுகிறது. தறி வீட்டுக் கூரையின் கீழ் ஒரு ஆண், ஒரு பெண், இரண்டு மூன்று பிள்ளைகள். எந்தத் திருத்தமும் அந்தக் கூரைக்குள் நுழைய முடியாது. கூரைக்கு வெளியே எண்ணிய சட்டம் ஒன்று உண்டு. 2005-ன் ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலையிடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகள் வந்தாலே அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலி கொடுத்து அமர்த்தச் சொன்னது. தாயை எண்ணாமல் பிள்ளையை எண்ணியது அது. தறிக்கு அப்படி ஒரு கணக்கை யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

4

அப்படியானால் காஞ்சிபுரத்தில் பிள்ளையை யார்தான் பார்த்தார்கள்? மாமியார் இருந்தால் மாமியார். அதைவிட அதிகமாக, மூத்த பெண்.

1990-களில் காஞ்சிபுரம் என்றால் குழந்தைத் தொழிலாளர். கோர்வையின் மறுகரைக்கு வேண்டியிருந்த துணைக்கை பெரும்பாலும் ஒரு பிள்ளையின் கை. முதலாளியிடம் பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்குப் பிள்ளை தறியில் உட்கார்ந்து கழித்தது. சிவகாசிக்கு அடுத்தபடியாக இந்த ஊரின் பெயர் அடிபட்டது. தொண்டு நிறுவனங்கள் வந்தன, கணக்கெடுப்பு வந்தது, சிறப்புப் பள்ளிகள் வந்தன. 2003-ல் மனித உரிமைக் கண்காணிப்பகம் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரத்துக்கு விரிவான இடம் இருந்தது. இந்த இயக்கம் தேவையானது, நியாயமானது. அதில் இந்த இதழின் வாசகர்கள் சிலரும் வேலை செய்திருப்பீர்கள். நான் சொல்ல வருவது அதன் பார்வைக்குத் தப்பிய ஒன்றை.

எங்கள் வீட்டில் ஒரு தறி. கூலித்தறி. அப்பா குழியில், அம்மா மறுகரையில். கோர்வைக்குக் கூலிப் பிள்ளை வைக்க வசதியில்லாத வீடு. அதனால் அம்மா ராட்டைக்கு இறங்காமல் தறியிலேயே உட்கார்ந்தாள். தூளியில் நான். அக்காவுக்கு எனக்கும் பத்து வயது வித்தியாசம். நான் பிறந்த வருஷம் அவள் ஐந்தாம் வகுப்பு. ஆறாம் வகுப்புக்குப் போகவில்லை. யாரும் போகாதே என்று சொல்லவில்லையாம். 'தம்பி தவழ ஆரம்பிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்றார்களாம். தவழ்கிற பிள்ளைதான் தறி வீட்டில் ஆபத்து. குழி இருக்கிறது, சாயம் இருக்கிறது, ஜரிகை அறுந்தால் அதற்கு வேறு காசு. எனக்கு நாலு வயதானபோது அவளுக்குப் பதினாலு. அதற்கப்புறம் எந்தப் பள்ளி?

நான் ஒன்றாவதோ இரண்டாவதோ படிக்கிறபோது கணக்கெடுக்க ஒருவர் வந்தார். தறியில் பிள்ளை உட்காருதா என்று கேட்டார். இல்லை என்றாள் அம்மா, உண்மைதான். இந்தப் பெண் என்ன செய்கிறாள் என்று அக்காவைக் காட்டிக் கேட்டார். 'வீட்ல சும்மாதான் இருக்கா.' அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். இந்த இடத்தில் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. அந்தச் 'சும்மா'வின் மேல் உட்கார்ந்துதான் நான் எம்.ஏ. வரைக்கும் படித்தேன்.

1986 என்ற வருஷத்தை யோசித்துப் பார்க்கிறேன். அந்த வருஷம் இரண்டு ஆவணங்கள் வந்தன. ஒன்று குழந்தைத் தொழிலாளர் சட்டம். அது குடும்பத்தினரின் உதவியோடு நடக்கிற தொழிலுக்கு விலக்குக் கொடுத்தது. பிள்ளை பார்ப்பதைத் தொழில் என்றே நினைக்கவில்லை. (2016 திருத்தமும் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று அதே ஜன்னலைத் திறந்து வைத்தது.) இன்னொன்று தேசியக் கல்விக் கொள்கை. அதில் அதிகம் பேர் கவனிக்காத ஒரு வரி உண்டு. தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்கிற பெண்பிள்ளைகள் பள்ளிக்கு வரவும், ஏழைப் பெண்கள் வேலைக்குப் போகவும் பகல்நேரக் காப்பகங்கள் ஏற்படுத்தப்படும் என்று அது சொன்னது. அக்காவின் படிப்பும் அம்மாவின் வேலையும் ஒரே முடிச்சு என்று அரசுக்குத் தெரிந்திருந்தது. எழுதியும் வைத்திருந்தது. சட்டம் எழுதியவர்களும் கொள்கை எழுதியவர்களும் டெல்லியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிடத்தில் இருந்திருப்பார்கள்.

2002-ல் அரசியல் சட்டத்தின் 86-ஆவது திருத்தம் 6 முதல் 14 வயது வரைக்கும் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. ஆறு வயதுக்குள் இருப்பவர்களை 45-ஆவது பிரிவில், அரசு 'முயலும்' என்ற சொல்லோடு விட்டுவிட்டது. பிள்ளையின் வயதைக் கோடு போட்டுப் பிரித்தார்கள். தறி வீட்டில் ஏழு வயதும் ஒரு வயதும் ஒரே இடுப்பில் இருக்கிறது.

தமிழ்ச் சூழலில் இதைத் தத்துவ அளவில் யாராவது தொட்டார்களா என்று தேடினால் பெரியாரிடம்தான் போக வேண்டியிருக்கிறது. 1925-ல் இதே காஞ்சிபுரத்தில் காங்கிரஸ் மாநாட்டிலிருந்து வெளியேறியவர், சில வருஷங்களில் பெண்கள் விடுதலைக்குப் பிள்ளை பெறுவதே தடை, அதை நிறுத்தலாம் என்கிற இடம் வரை போனார். அவருடைய சமகாலத்தில் உலகத்திலேயே அப்படிப் பேசியவர்கள் குறைவு. பிள்ளைப்பேற்றை இயற்கை என்ற பீடத்திலிருந்து இறக்கியது அவருடைய சாதனை. ஆனால் பெறாமலிருப்பது ஒரு விடை. பெற்றாகிவிட்டதே, அதை யார் பார்ப்பது என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவது கேள்வியை அவருடைய வழிவந்த ஆட்சிகள் பாத்திரத்தோடு நிறுத்திக்கொண்டன.

5

காப்பகமே வரவில்லை என்றும் சொல்ல முடியாது. வேலை செய்யும் தாய்மார்களின் பிள்ளைகளுக்கான மத்திய அரசின் காப்பகத் திட்டம் 1975-லிருந்தே இருக்கிறது. அதே வருஷம்தான் அங்கன்வாடிகளும் தொடங்கின. 2006-ல் காப்பகத் திட்டம் ராஜீவ் காந்தி பெயரோடு விரிவடைந்தது. 2017-ல் செலவை மாநிலத்தின் தலையிலும் தொண்டு நிறுவனத்தின் தலையிலும் பங்கு போட்டதும் நாடு முழுக்க 20 ஆயிரத்துக்கு மேல் இருந்த மையங்கள் சில வருஷங்களில் 7 ஆயிரத்துக்கும் கீழே போயின. 2022-ல் 'பால்னா' என்று புதுப் பெயர், அங்கன்வாடியோடு சேர்த்து 17 ஆயிரம் காப்பகம் என்று புது இலக்கு.

தமிழ்நாட்டு அங்கன்வாடி (ஊரில் இன்றும் பால்வாடிதான்) பல வட மாநிலங்களோடு ஒப்பிட்டால் நீண்ட நேரம் திறந்திருக்கிறது, சமைக்கிறது, பிள்ளையைத் தூங்கவும் வைக்கிறது. ஆனால் அதன் கதவு திறப்பது இரண்டு வயதுக்கு மேல். அதற்குக் கீழே சத்துமாவுப் பாக்கெட் வீட்டுக்குப் போகும். உலக வங்கி உதவியோடு 1980-ல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தின் காலத்திலிருந்தே கைக்குழந்தையைப் பற்றிய அரசின் அக்கறை தராசில் இருக்கிறது. மாதாமாதம் எடை போடு, குறைந்தால் கூடுதல் உணவு கொடு, எடை ஏறியதும் நிறுத்து. ஆறாம் மாதம் தொடங்கி இரண்டாவது பிறந்தநாள் வரைக்கும் பகலில் பிள்ளை யார் கையில் என்பது தராசில் நிற்காத கேள்வி.

இதற்கிடையில் காஞ்சிபுரத்தில் தறிகளே குறைந்துவிட்டன. 2005 வாக்கில் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அடுத்த தலைமுறை கிடைக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வந்தன. 2006-ல் திறந்து 2014-ல் மூடிய நோக்கியா ஆலையின் உற்பத்தி வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். தறி வீட்டுப் பெண்கள் முதல்முறையாக வாசலைத் தாண்டினார்கள். கூலி அவர்கள் பெயரில், அவர்கள் வங்கிக் கணக்கில். இதைச் சிறியதாக நினைக்கக் கூடாது.

ஆனால் அந்த வாசலில் வேறொரு ஆள் நிற்கிறார். 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் பூட்டுகிற ஃபாக்ஸ்கான் ஆலையில் கல்யாணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் தவிர்க்கிறார்கள் என்று செய்தி வெளியிட்டது. குடும்பப் பொறுப்பு, பிள்ளைப்பேறு, லீவு என்பவை காரணமாகச் சொல்லப்பட்டன. நிறுவனம் அப்படிப் பாகுபாடு காட்டுவதில்லை என்று மறுத்தது. தேசிய மனித உரிமை ஆணையம் விளக்கம் கேட்டது. அதே 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக அரசின் சிப்காட் கட்டிய விடுதி திறக்கப்பட்டது. 18,720 பேர் தங்கலாம். ஒரே இடத்தில் 18,720 படுக்கை போட முடிகிற அரசுக்கும் தொழிலுக்கும் தொட்டில் போடுவது கஷ்டமாக இருக்க முடியாது. அவர்கள் கணக்கில் தொழிலாளி என்பவள் பிள்ளை இல்லாத பெண். தறிக்கு வேண்டியிருந்தது வீட்டை விட்டு நகராத தாய். உற்பத்தி வரிசைக்கு வேண்டியிருப்பது இன்னும் தாயாகாத மகள். ஒரே பெண்ணின் இரண்டு வயதுகளை இரண்டு மூலதனங்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன.

2023 செப்டம்பர் 15-ல், அண்ணா பிறந்தநாளில், அண்ணா பிறந்த காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கப்பட்டது. ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய். உதவித்தொகை என்று சொல்லாமல் உரிமைத் தொகை என்று பெயர் வைத்ததை நான் முக்கியமாகக் கருதுகிறேன். 1972-ல் மரியரோசா டல்லா கோஸ்டாவும் செல்மா ஜேம்ஸும் வீட்டு வேலையும் உற்பத்திதான் என்று எழுதியபோது ஐரோப்பிய இடதுசாரிகளே சிரித்தார்கள். அந்த வாதத்தின் ஒரு துளி காஞ்சிபுரத்து மேடையில் அரசாங்கத்தின் வாயிலிருந்து வந்தது. சந்தோஷம்தான். ஆனாலும் அதுவும் பாத்திரம்தான். பணம் போடுகிற பாத்திரம். 2019-ன் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி வீட்டு வேலை செய்கிற பெண் அதற்காக ஒரு நாளைக்குச் செலவிடுவது 299 நிமிடம், ஆண் 97. வீட்டில் இருப்பவர்களைப் பராமரிக்க அவளுக்கு 134 நிமிடம், அவனுக்கு 76. 1000 ரூபாய் இந்த நிமிடங்களை ஏற்றுக்கொண்டதற்கான ரசீது. நிமிடங்கள் அவளிடமே இருக்கின்றன.

அக்காவும் அந்தத் தொகைக்கு விண்ணப்பித்து வாங்குகிறாள். அவளுடைய மகளுக்கு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை, காண்ட்ராக்ட்தான். பிள்ளை பிறந்ததும் நின்றுவிட்டவள், எட்டாம் மாதம் வேறொரு கம்பெனியில் மறுபடி சேர்ந்தாள். காலை ஷிப்ட் என்றால் கம்பெனி பஸ் விடிவதற்கு முன்னாலேயே வந்து நிற்கும். பிள்ளையை அக்காதான் பார்த்துக்கொள்கிறாள். அவள் ஒரு வீட்டுக்கு நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள், அதை விட்டுவிட்டாள். போன மாதம் பால்வாடியில் போய்க் கேட்டிருக்கிறாள். டீச்சர் நல்லவிதமாகத்தான் பேசினாராம். ரெண்டு வயசு முடியட்டும், கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் மாவு பாக்கெட்டை மாசாமாசம் வந்து வாங்கிக்குங்க என்றாராம்.